தலையை விட்டுப் பூவைப் பாருங்கள்

இங்கிலாந்தின் பழைய வெள்ளிக் காசு ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது அரசர் தலையைத்தான். நான் அதைத் திருப்பிப் பூப்பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். யார் அடித்த காசு, எந்த ஊரில் அடித்த காசு என்பது அங்கேதான் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தால்தான் காசின் வயதும் விலையும் பிடிபடும்.

அந்தக் காசுகள் சம்மட்டி அடியில் பிறந்தவை. கீழ் அச்சின் கூர்முனையை மரக்கட்டைக்குள் இறக்கி நிறுத்துவார்கள். அதன்மேல் வட்டமாக வெட்டிய வெள்ளித் தகடு. தகட்டின்மேல் இன்னொரு அச்சைக் கையால் பிடித்துக்கொண்டு ஓங்கி அடிப்பார்கள். அச்சு சற்று நகர்ந்தால் எழுத்து இரட்டையாக விழும். அடி ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் மழுங்கிவிடும். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள்கூட அச்சு அசலாக இருப்பதில்லை. அவற்றின் மேல் எனக்குள்ள ஈர்ப்புக்கு இதுவே முதல் காரணம்.

757 முதல் 796 வரை மெர்சியாவை ஆண்ட ஓஃபாவின் காலத்தில் அகலமான வெள்ளிப் பென்னி நிலைபெற்றது. அதன்பின் ஐந்நூறு ஆண்டுகளுக்கு இங்கிலாந்தில் பணம் என்றால் பெரும்பாலும் இந்தப் பென்னிதான். ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. சில்லறை வேண்டுமென்றால் காசையே இரண்டாகவோ நான்காகவோ வெட்டிக்கொண்டார்கள். அந்தத் துண்டுகள் இன்றும் வயல்களில் கிடைக்கின்றன.

973 வாக்கில் அரசர் எட்கர் இதை ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். நாடு முழுவதும் ஒரே வடிவம். தலைப்பக்கத்தில் அரசர் பெயர். பூப்பக்கத்தில் காசடித்தவர் பெயரும் ஊரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வடிவத்தை மாற்றிப் புதுக்காசு வெளியிடும் வழக்கமும் இதைத் தொடர்ந்து வேரூன்றியது. பெயரைப் பொறித்தது பெருமைக்காக அல்ல, எடையோ தரமோ குறைந்தால் ஆளைப் பிடிப்பதற்காக. முதலாம் ஹென்றி 1124 கிறிஸ்துமஸை ஒட்டிக் காசடித்தவர்களை வின்செஸ்டருக்கு வரவழைத்துப் பலரின் வலது கையை வெட்டவைத்தார். அந்தப் பூப்பக்கப் பெயருக்குப் பின்னால் அவ்வளவு பயம் இருந்தது.

978இல் அரியணை ஏறிய எதெல்ரெட்டின் நீள்சிலுவைப் பென்னியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பக்கத்தில் இடது பக்கம் பார்க்கும் முகம், சிலிர்த்து நிற்கும் முடி. திருப்பினால் சிலுவையின் நான்கு கைகளும் விளிம்பு வரை நீள்கின்றன. அதைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. முதலில் ஆள் பெயர், முடிவில் ஊரின் சுருக்கம். 'லுண்ட்' என்றால் லண்டன், 'வின்ட்' என்றால் வின்செஸ்டர், 'எயோஃபர்' என்றால் யார்க். இங்கே ஓர் எச்சரிக்கை. அன்றைய 'டபிள்யூ' எழுத்து, இன்றைய 'பி' போலவே இருக்கும். 'காட்வினே' என்ற பெயரைக் 'காட்பினே' என்று வாசித்துவிட்டு, பட்டியலில் அப்படி ஒருவரே இல்லையே என்று திகைப்பது புதியவர்களுக்கு வழக்கம்.

லண்டனில் அடித்தது ஏராளம். சின்ன ஊரில் அடித்தது அரிது. அரசரும் வடிவமும் ஒன்றாகவே இருந்தாலும், ஊர் அரிதானால் விலை பல மடங்கு ஏறும்.

தலைப்பக்கத்தை மட்டும் நம்பினால் வரும் குழப்பத்துக்குக் குறுஞ்சிலுவைப் பென்னி நல்ல சாட்சி. 1180இல் இரண்டாம் ஹென்றி தொடங்கிய இந்த வடிவம் 1247 வரை நீடித்தது. இடையில் சிங்க நெஞ்சன் ரிச்சர்ட் ஆண்டார், ஜான் ஆண்டார், மூன்றாம் ஹென்றி வந்தார். காசில் மட்டும் கடைசிவரை 'ஹென்றிகஸ்' என்ற பெயர்தான். எது யாருடையது என்பதைப் பூப்பக்கப் பெயர்களும் எழுத்தின் வடிவமும், அரசர் முடிச் சுருளின் எண்ணிக்கையும் வைத்தே பிரிக்கிறார்கள். 1279இல் முதலாம் எட்வர்ட் புதுக்காசு வெளியிட்டபோது காசடித்தவர் பெயர் ஏறக்குறைய முழுதாக மறைந்து, ஊர்ப் பெயர் மட்டும் நின்றது. அந்த எட்வர்டின் சாதாரண லண்டன் பென்னியை இன்று சில பத்துப் பவுண்டுகளுக்கே வாங்கலாம். 1066இல் ஒன்பது மாதம் ஆண்டு ஹேஸ்டிங்ஸில் மடிந்த ஹரால்டின் பென்னி என்றால் ஆயிரக்கணக்கில் எண்ணிவைக்க வேண்டும்.

பழமை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. 1833இல் ஹாம்ப்ஷரின் போவொர்த் கிராமத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலும் வெற்றிவீரன் வில்லியம் காலத்தை ஒட்டிய ஒரே வடிவம். வில்லியம் காசுகளில் அந்த வடிவம் மட்டும் இன்றும் எளிதாகக் கிடைப்பதற்கு அந்தப் புதையலே காரணம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மதிப்பு, காசு கிடைத்த இடத்தில் இருக்கிறது. 2015இல் இங்கிலாந்தில் இரண்டு புதையல்கள் வெளிப்பட்டன. ஆக்ஸ்ஃபர்ட்ஷரின் வாட்லிங்டனில் கிடைத்ததைக் கண்டெடுத்தவர் முறைப்படி அறிவித்தார். சுமார் 200 காசுகள் முழுமையாக ஆய்வாளர் கைக்கு வந்தன. 2017இல் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 13.5 லட்சம் பவுண்டு கொடுத்து அந்தப் புதையலை வாங்கியது. ஹெர்ஃபர்ட்ஷரில் கிடைத்ததையோ இருவர் மறைத்துத் துண்டு துண்டாக விற்றார்கள். சுமார் 300 காசுகள் இருந்ததாகக் கருதப்படுகிறது; மீட்டது 30 வாக்கில்தான். 2019இல் இருவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை.

இரண்டு புதையல்களிலும் ஓர் அரிய வடிவம் இருந்தது. பூப்பக்கத்தில் இரண்டு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். அதை வெசெக்ஸ் அரசர் ஆல்ஃப்ரெடும் அடித்தார், மெர்சியா அரசர் சியோல்வுல்ஃபும் அடித்தார். ஆல்ஃப்ரெட் தரப்பு எழுதிய வரலாறு சியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவை என்று ஒதுக்கியது. இருவரும் கூட்டாளிகளாக இருந்ததைக் காசு சொல்கிறது. வென்றவர் எழுதிவைத்த கதையைத் திருத்துவதற்கு மண்ணுக்குள் கிடந்த சாட்சி இது. அந்தச் சாட்சியில் பெரும்பகுதியைத் திருட்டுச் சந்தை விழுங்கிவிட்டது. அங்கே போன காசுகளுக்கு விலை கிடைத்திருக்கலாம், ஆனால் எதோடு சேர்ந்து கிடந்தன என்ற செய்தி இனி கிடைக்காது. இதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

சட்டமும் கண்டெடுப்பவருக்கு அநீதி செய்யவில்லை. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அறிவித்தால், அருங்காட்சியகம் வாங்கும் தொகை கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பரிசாகப் போகும். மறைப்பவருக்குத்தான் சிறை.

உங்கள் கையில் எந்த நாட்டுப் பழங்காசு வந்தாலும் சரி, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும், விலையும் கூடவே போய்விடும். எடை பாருங்கள், இரண்டு பக்கத்தையும் படமெடுங்கள், எங்கே எப்படிக் கிடைத்தது என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள். மண்ணில் கிடைத்ததென்றால் மறைக்காமல் அறிவியுங்கள்.