மயிலுக்குப் போர்வையும் மன்னார்க் கழுதையும்

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் புலவர்கள் குறை கூறினாரல்லர். அளவும் பயனும் நோக்காது கொடுக்கும் அச்செயலுக்குக் ‘கொடைமடம்’ என்று பெயரிட்டுப் போற்றினர். போர்வை பேகனுடையது, மயிலுக்கு அது வேண்டுமா என்று வினவும் உரிமை நமக்கில்லை. ஆனால், பலரிடம் திரட்டிய பொருளைப் பங்கிட்டு வழங்கும் தரும நிதியத்தாருக்கு அந்த மடம் உரியதன்று.

மன்னார்த் தீவில் திரியும் கழுதைகளைப் பலரும் கண்டிருப்பர். அராபிய வணிகர் கொண்டுவந்தவற்றின் வழித்தோன்றல்கள் என்பர். பொதி சுமந்த காலம் போய் லொறி வந்தபின் அவை கட்டாக்காலிகளாயின. குப்பையிற் கிடக்கும் பொலித்தீனைத் தின்கின்றன. இரவில் வீதியில் நின்று வாகனங்களில் அடிபடுகின்றன. பிரிட்ஜிங் லங்கா என்னும் நிறுவனம் இவற்றுக்கென மன்னாரில் ஒரு சிகிச்சை நிலையம் அமைத்தது பாராட்டுக்குரியது. கால் முறிந்த கழுதையின் படத்தைக் கண்டால் யார் கையும் பணப்பையை நாடும். எனினும், இத்தகைய பணியை எடைபோடுவதில் ஒரு கண்ணி உண்டு. சென்ற ஆண்டு நூறு விலங்குகளுக்கு மருந்திட்டோம், இவ்வாண்டு நூற்றைம்பதுக்கு இட்டோம் என்று ஒரு சங்கம் எழுதினால் அது வளர்ச்சியா? அடிபடுவன பெருகின என்பதும் அதன் பொருளாகலாம். எந்த வீதியில் எத்தனை அடிபட்டன, கழுத்தில் ஒளிரும் பட்டி கட்டியபின் அத்தொகை குறைந்ததா என்று கேட்பதே தக்கது.

தீவை விட்டுப் பெருநிலத்துக்கு வருவோம். வங்காலைப் பக்கத்து நறுவிலிக்குளத்தில் இளைஞர் நால்வர் ஒரு ஜீவகாருண்ய சங்கம் அமைத்து, நாய்களுக்குத் தடுப்பூசி இடப் பணம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இவர்கள் இல்லாவிடின் என்ன நடக்கும் என்பதே முதற் கேள்வி. நாய்த் தடுப்பூசியை இலங்கையில் அரசே இலவசமாக இடுகிறது. 1973இல் இந்நாட்டில் நீர்வெறுப்பு நோயால் 377 பேர் இறந்தனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கியமைக்கு அப்பணி பெருங்காரணம். ஆகவே மருந்து வாங்கப் பணம் கொடுத்தால், அரசு செய்வதையே மறுமுறை செய்தவராவோம். ஆனால் வளர்ப்பு நாயை வீட்டுக்காரர் கொண்டுவருவார். மீன் வாடியிலும் சந்தையிலும் திரியும் நாயை யார் கொண்டுவருவார்? வலையும், அதனை வீசப் பழகிய கைகளும், வாகனக் கூலியுமே அங்கு குறை. பணம் போகவேண்டிய இடம் அதுதான்.

நூற்றுக்கு எழுபது நாய்களுக்கேனும் ஊசி இட்டாலன்றி நோய் பரவுவது நில்லாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊரில் 200 நாய்கள் எனில் 140 ஊசி. அந்த 140ஐ ஏழு ஊர்களுக்கு இருபது இருபதாகப் பகிர்ந்தால், அறிக்கை பரந்து விளங்கும். நோய் எங்கும் நில்லாது. கோவாவில் 2013 முதல் ‘மிஷன் ரேபீஸ்’ இயக்கத்தார், ஊசி இட்ட நாய்க்கு நிறத்தால் அடையாளமிட்டு, பின்னர் தெருத்தெருவாகச் சென்று, அடையாளம் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணினார்கள். நாய்களிடையே நோய் 92 வீதம் குறைந்ததென 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்களது பணம் பெரிது. எண்ணும் முறையோ எளிது. ஒரு சைக்கிளும் ஒரு கொப்பியும் ஒரு விடியற்காலையும் இருந்தால் நறுவிலிக்குளத்திலும் எண்ணலாம்.

ஐம்பதாயிரம் ரூபா கேட்கும் சங்கத்திடம் முப்பது பக்கப் படிவம் கேட்பது கொடுமை, அதுவும் ஆங்கிலத்தில்! நிரப்பத் தெரிந்தவர் பணம் பெறுவார். நாய் பிடிக்கத் தெரிந்தவர் வெறுங்கையோடு நிற்பார். விடியலில் எண்ணிய கணக்கும், மிருக வைத்தியரின் கையொப்பமும், செலவுச் சிட்டைகளும் போதும் என்பது நமது துணிபு. “எண்பது நாய்களுக்கென்று புறப்பட்டோம்; முப்பத்தொன்றே வலையில் அகப்பட்டன” என்று மறையாது எழுதும் சங்கத்துக்கே இரண்டாம் ஆண்டும் கொடுக்க நாம் விரும்புவோம். ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகள் ஊசி காணாதவை. ஓராண்டோடு நிறுத்தும் உதவி அரைக்கிணறு தாண்டியதாகும். இன்னொன்று: மன்னாரில் ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழிவரை ஒழுங்கைகளெல்லாம் சேறு. பணம் ஆவணிக்குள் அவர்கள் கைக்கு வந்து சேரவேண்டும்.