முதலில் தேடுங்கள், பிறகு மாற்றுங்கள்



இப்பக்கத்தில் வழக்கமாக இலக்கணத்தைப் பற்றியும் வகுப்பறையைப் பற்றியும் எழுதுவேன். இன்று மகிழுந்தைப் பற்றி எழுதப் போகிறேன். ஆசிரியருக்கு இந்த வேலை எதற்கு என்று எண்ண வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் பொழுது விடியும் முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் புறப்படுகிறவர்கள். அது ஒருநாள் வழியில் நின்றுவிட்டால், முப்பது மாணவர்களின் அன்றைய பாடமும் நின்றுவிடுகிறது. தவிர, நான் சொல்ல வந்த செய்தி மகிழுந்தோடு முடிகிற செய்தியும் அன்று.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஒருநாள் காலையில் என் மகிழுந்தின் அடியில் ஐம்பது காசு அளவில் ஓர் ஈரம் தெரிந்தது. குளிர்சாதனத்திலிருந்து வடியும் நீர் என்று எண்ணி விட்டுவிட்டேன். மறுநாளும் இருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். குளிர்சாதன நீர் நிறமற்றது. இதுவோ இளஞ்சிவப்பாக, விரலில் வழுவழுப்பாக இருந்தது. முன்மூடியைத் திறந்து பார்த்தபோது, கூலண்ட் நிரப்பும் கலனில் நீர்மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது.

அப்பொழுதே பட்டறைக்குச் சென்றிருக்க வேண்டும். நான் செய்தது என்ன? ஒரு போத்தலில் குழாய் நீரைப் பிடித்து ஊற்றினேன். தேர்வுத்தாள் திருத்தும் வேலை, விளையாட்டுப் போட்டி, பெற்றோர் சந்திப்பு என்று மூன்று வாரங்கள் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் மாலை, நெடுஞ்சாலை நெரிசலில் வெப்பமானியின் முள் மேலே ஏறியது. இனிப்பான ஒரு வாடை வண்டிக்குள் வந்தது. ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்தேன். இழுவை வண்டி வந்து, மகிழுந்தை வாங்கிய நிறுவனத்தின் சேவை மையத்தில் கொண்டுபோய் விட்டது.

மறுநாள் அங்கே என்னிடம் ஒரு மதிப்பீட்டுத் தாளை நீட்டினார்கள். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ரப்பர் குழாய்களும், புதிய கூலண்ட், கூலி. மொத்தம் 3,860 வெள்ளி. வண்டிக்கு எட்டு வயது. உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

"எந்த இடத்தில் ஒழுகுகிறது?" என்று கேட்டேன்.

"எல்லாம் பழையது சார். மொத்தமாக மாற்றிவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்றார் முகப்பில் இருந்த இளைஞர்.

"சரி தம்பி, ஆனால் ஒழுகுவது எந்த இடம்?"

"கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்."

அந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நான் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. விடை தெரியாத கேள்விக்கு 3,860 வெள்ளி விலை போட்டிருந்தார்கள். நான் கையொப்பமிடவில்லை. சோதனைக் கட்டணம் 80 வெள்ளியைக் கட்டினேன். மீண்டும் ஓர் இழுவை வண்டியை அழைத்து, என் குடியிருப்புப் பகுதியில் இருக்கும் சிறிய பட்டறைக்குக் கொண்டுசென்றேன். அதற்கு 120 வெள்ளி.

அங்கே இருப்பவர் அறுபது வயதைக் கடந்த சீனர். இந்நாட்டில் மலாய்க்காரரும் சீனரும் நாமும் ஒருசேர 'போமென்' என்று அழைக்கும் பழுதுபார்ப்பவர். நான் மதிப்பீட்டுத் தாளைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. "சிக்கு, ஜாங்ஙான் துக்கார் டூலு. சாரி டூலு" என்றார். ஆசிரியரே, முதலில் மாற்றாதீர்கள், முதலில் தேடுங்கள் என்பது பொருள்.

இயந்திரம் முழுதும் ஆறியிருந்தது. ரேடியேட்டரின் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானி பொருத்திய சிறு கைப்பம்பு ஒன்றை மாட்டினார். மிதிவண்டிக்குக் காற்றடிப்பதுபோல் அடித்து, முள்ளைக் கவனிக்கச் சொன்னார். ஒழுக்கு இல்லாவிட்டால் முள் நிற்கும். இருந்தால் மெல்ல இறங்கும். இறங்கியது. கைவிளக்கோடு குனிந்தவர் பத்தே நிமிடத்தில் இடத்தைக் காட்டினார். தெர்மோஸ்டாட் உறையோடு ரப்பர் குழாய் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு. பல்லாண்டு வெப்பத்தில் வெந்து, மயிரிழை அளவில் விரிசல் விட்டிருந்தது. வாட்டர் பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளை காய்ந்திருந்தது. ரேடியேட்டரின் ஓரங்களும் காய்ந்திருந்தன. இயந்திரத்தின் எரிவாயு கூலண்டில் கலக்கிறதா என்பதை, நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் ஒரு நீர்மத்தைக் கொண்டு சோதித்தார். நிறம் மாறவில்லை. ஹெட் கேஸ்கட் தப்பியது. இணைப்பு, புதிய கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 265 வெள்ளி.

குழாய் நீர் ஊற்றியதற்காக அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூலண்ட் என்பது வெறும் நிற நீர் அன்று. எத்திலீன் கிளைக்கால், நீர், துருத்தடுப்புப் பொருள்கள் ஆகியவற்றின் கலவை. பனி பெய்யாத நம் நாட்டில் அது உறையாமல் காக்க வேண்டிய தேவை இல்லை என்பதால் பலர் அதைத் துச்சமாக எண்ணுகிறோம். ஆனால் கொதிநிலையை உயர்த்துவதும் உள்ளே அரிப்பைத் தடுப்பதும் அதுதான். குளிர்விக்கும் நீர் குறைந்த நிலையில் ஓட்டிக்கொண்டே போனால் அலுமினியத்தால் ஆன இயந்திரத் தலை வெப்பத்தில் வளைந்துவிடும். அப்போது 3,860 வெள்ளிகூடப் போதாமல் போகலாம்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தரையில் சிந்தியிருந்தால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவுங்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் நெருங்க விடாதீர்கள். மற்றொன்று, சூடான இயந்திரத்தின் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்து அழுத்தம் விலகிய அந்நொடியே அது கொதித்து முகத்தில் பீறிடும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

சேவை மையங்கள் எல்லாம் கொள்ளையடிக்கின்றன, சிறு பட்டறைகள் எல்லாம் நேர்மையானவை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியை நிறுவனத்திடம்தான் கொண்டுசெல்ல வேண்டும். சிறு பட்டறைகளிலும் ஏமாற்றுவோர் உண்டு. மொத்தமாக மாற்றுவதிலும் சில வேளை நியாயம் இருக்கிறது. சில வண்டிகளில் வாட்டர் பம்பை டைமிங் பெல்ட் இயக்குகிறது. பெல்ட்டை மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிட்டால் ஒரே கூலியோடு போயிற்று. ஒரு பகுதியை மட்டும் மாற்றி, அடுத்த மாதம் வேறிடத்தில் ஒழுகினால், வாடிக்கையாளர் தங்களைத்தான் குறை சொல்வார் என்று நிறுவனம் அஞ்சுவதும் புரிகிறது.

என் மறுப்பு ஒன்றே ஒன்று. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு முன் பரிகாரத்துக்கு விலை சொல்லக்கூடாது. எல்லாவற்றையும் மாற்றினால் ஒழுக்கு நிற்கத்தான் செய்யும். ஆனால் அது தேடாமல் விட்டவரின் உழைப்பை, பணம் கொடுப்பவரின் தலையில் ஏற்றுவதாகும். நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பிறகே தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசை மருத்துவருக்கு மட்டும் உரியதா என்ன?

சட்டமும் நமக்குத் துணையாக இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும். விலையை முன்கூட்டியே பேசி முடிக்காத நிலையில், நியாயமான விலைக்கு மேல் கொடுக்கப் பயனீட்டாளர் கடமைப்பட்டவர் அல்லர். இங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும். 3,860 வெள்ளி என்று எழுதிய தாளில் கையொப்பமிட்டுவிட்டால், விலையை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்பாதுகாப்பை நம் கையாலேயே விலக்கிவிடுகிறோம். எனவே கேள்விகளைக் கையொப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்:

1. ஒழுகும் இடம் எது? எனக்குக் காட்ட முடியுமா?
2. அழுத்தச் சோதனை செய்தீர்களா? இல்லையென்றால், அதற்கு மட்டும் கட்டணம் எவ்வளவு?
3. பட்டியலில் இப்போதே மாற்ற வேண்டியவை எவை? பிறகு மாற்றத்தக்கவை எவை?
4. பொருளின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு?
5. கழற்றிய பழைய பொருள்களை என்னிடம் தருவீர்களா?

வேலை சரியில்லை என்றாலோ ஏமாற்றப்பட்டதாகக் கருதினாலோ, மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை. 25,000 வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு 2019இல் 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆகவே பற்றுச்சீட்டையும் மதிப்பீட்டுத் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அன்று பட்டறையிலிருந்து வீடு திரும்பும் வழியில் எனக்கு ஒரு தாயின் முகம் நினைவுக்கு வந்தது.

அவ்வாண்டு தொடக்கத்தில், மூன்றாம் ஆண்டில் பயிலும் தம் மகனைப் பற்றிக் கேட்க வந்திருந்தார். தொழிற்சாலையில் வேலை நேரம் மாறி மாறி வரும் நிலையில், அரைநாள் விடுப்பெடுத்து வந்தவர். "கணக்கில் ஏன் சார் இவ்வளவு பின்தங்கியிருக்கிறான்?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் இது: "அடிப்படையே பலவீனம் அம்மா. எல்லாப் பாடங்களுக்கும் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்புங்கள்." அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதமே அனுப்பினார்.

எல்லாம் பழையது, மொத்தமாக மாற்றிவிடுங்கள். முகப்பில் அமர்ந்திருந்த இளைஞர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் என்ன வேறுபாடு?

மறுவாரம் அந்த மாணவனை அருகில் அமர்த்தி, அவன் கழித்தல் பயிற்சியைப் பார்த்தேன். 402இலிருந்து 167ஐக் கழிக்கச் சொன்னால் 365 என்று எழுதியிருந்தான். விடை 235. எப்படிச் செய்தாய் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறான். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்கவில்லை. கடன் வாங்க வேண்டிய கணக்குகள் எல்லாம் தவறு; மற்றவை எல்லாம் சரி. விரிசல் அந்த ஓர் இணைப்பில்தான் இருந்தது. பத்துக்குச்சிகளைக் கட்டாகக் கட்டி, அவிழ்த்துக் காட்டி, குறைநீக்கல் போதனையில் சில நாள்கள் பயிற்சி கொடுத்தேன். பிடித்துக்கொண்டான். அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தேவைப்பட்டது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை நான் செலவிடாததால், ஒரு தாய் பல மாதங்களுக்கு நான்கு பாடங்களின் கட்டணத்தைச் செலுத்தியிருந்தார்.

அவரைத் தொலைபேசியில் அழைத்து, என் தவறு என்று சொன்னேன். கணக்கு வகுப்பைத் தவிர மற்றவற்றை நிறுத்திவிடலாம், அதுவும் சில மாதங்களுக்குப் போதும் என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "முன்பே தெரிந்திருந்தால் நல்லது சார்" என்று மட்டும் சொன்னார்.

பெற்றோர்களே, பட்டறையில் கேட்கும் அதே கேள்வியைப் பள்ளியிலும் கேளுங்கள். 'என் பிள்ளை பலவீனம்' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். எந்தப் பாடத்தில், எந்தத் திறனில், எந்தப் படியில் தடுக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அப்படிக் கேட்கும் பெற்றோரைக் குறைகாண வந்தவராக எண்ணாதீர்கள். அவர் நம்மிடம் கேட்பது, அந்தச் சீனப் பெரியவர் கேட்காமலேயே எனக்குச் செய்து காட்டியதைத்தான்.