பொட்டி செத்தா போட்டோ சாகாது

வீட்டுல ஸ்டோரேஜ் சர்வர் வச்சிருக்கிற மக்களே, ஒரு கருத்து சொல்லிக்கிறேன், அடிக்க வராதீங்க :-) நாம காசு கொட்டுறதெல்லாம் வன்தட்டுல. நாலு டெராபைட், எட்டு டெராபைட்னு வாங்கி ஜோடி ஜோடியா மிரர் போடுறோம். ஆனா பூட் டிரைவ் மண்டையைப் போட்ட அன்னிக்கு நம்மளக் காப்பாத்துறது ஒரு குட்டிக் கோப்பும் ஒரு பக்கக் காகிதமும்தான்.

போன மாசம் தில்லை நகர்ல எங்க தெரு மாமா வீட்டுல இதான் நடந்துச்சு. இருபது வருஷப் போட்டோ, கேசட்டுலேர்ந்து மாத்தி வச்ச அவங்கம்மாவோட குரல், எல்லாம் ஒரே பொட்டியில. பூட் ஆகுற பென் டிரைவ் செத்துப் போச்சு. பாக்க வந்தவர், "டிஸ்க் ரெண்டும் போச்சு சார், ஃபார்மேட் பண்ணிடலாம்"னுட்டார். மாமாவும் தலையாட்டப் போயிட்டார்.

இங்கதான் எனக்குக் கோவம். அது ட்ரூநாஸ் பொட்டி. 2005-ல ஃப்ரீநாஸ்னு ஆரம்பிச்சு, பின்னாடி பேர் மாறினது. பென் டிரைவ்ல பூட் பண்றது அப்போ ஃபேஷன். பின்னாடி வந்த பதிப்புகள் அதுல அடிக்கடி எழுத ஆரம்பிச்சதும் பென் டிரைவ் தாங்கல. ஆனா தரவு இருக்கிறது ஜெட்எஃப்எஸ்ல. எந்த வன்தட்டு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுங்கிற ஜாதகம் அந்தந்த வன்தட்டுலயே எழுதியிருக்கும். லினக்ஸ் எம்டி ரெய்டும் அப்படித்தான். பூட் டிரைவ் வாட்ச்மேன் மாதிரி. அவர் போயிட்டா வீடு இடிஞ்சுடாது.

வழி இதான். மொதல்ல தரவு வன்தட்டு கேபிளைக் கழட்டிடுங்க. இன்ஸ்டால் பண்றப்ப தப்பான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கிற ஆபத்து போயிடும். புது எஸ்எஸ்டியில பழைய பதிப்பையோ அதுக்கு மேலயோ போடுங்க. கீழ போனா பூல் திறக்காமப் போகலாம். அப்புறம் வன்தட்டை மாட்டி, பூலை 'இம்போர்ட்' பண்ணுங்க. 'கிரியேட்' பக்கம் கை போகவே கூடாது, அது அழிச்சிடும். மாமா வீட்டுல ஒரு மாலைப் பொழுதுல எல்லாம் வந்துடுச்சு. பாட்டி குரல் உட்பட.

வராதது என்ன? யூசர், ஷேர், ஸ்னாப்ஷாட் நேரம். இதெல்லாம் செட்டிங்ஸ் கோப்புல இருக்கிறது. அந்தக் கோப்பு பூட் டிரைவோடவே போயிட்டா, உக்காந்து திரும்பக் கட்டணும். அது எரிச்சல், அவ்ளோதான். ஆனா தரவைப் பூட்டி வச்சு, சாவியும் பூட் டிரைவ்ல மட்டும் இருந்தா, வன்தட்டு நல்லாயிருந்தும் ஒண்ணும் பண்ண முடியாது.

ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு இது புதுசில்ல. 1323-ல படையெடுப்புக்குப் பயந்து உற்சவரைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. 1371-ல திரும்பி வந்தப்போ கோயில்ல வேற விக்ரகம் இருந்துச்சு. எது பழையவர்னு அடையாளம் சொல்ல ஆளில்ல. கோயில் துணி வெளுத்த ஒரு கிழவர், திருமஞ்சனத் துணியோட வாசனையை வச்சு, இவர்தான் நம்பெருமாள்னு சொன்னதா ஐதீகம். யோசிச்சுப் பாருங்க, ஒரே ஒருத்தர் ஞாபகத்துல எல்லாம் நின்னுச்சு! நம்ம வீட்டுலயும் பாஸ்வேர்டு ஒரே ஒருத்தர் மண்டையிலதான் இருக்கு. நமக்கு ஏதாவது ஆச்சுன்னா, அம்மாவுக்கோ தங்கமணிக்கோ எந்த வாசனை தெரியும்?

இன்னொண்ணு, மிரர் இருக்குன்னு நெஞ்சை நிமித்தாதீங்க. 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தப்போ ஒரே பீரோவுல இருந்த ஒரிஜினலும் ஜெராக்ஸும் சேர்ந்துதான் நனைஞ்சுது. பேக்கப் இருந்தாலும் எடுத்துப் பாத்தாத்தான் உண்டு. 2017 ஜனவரி 31-ல கிட்லாப்ல தப்பா ஒரு டைரக்டரியை அழிச்சப்போ, கையில இருந்த அஞ்சு முறையில ஒண்ணும் ஒழுங்கா வேலை செய்யலைன்னு அவங்களே எழுதினாங்க. தற்செயலா எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட் காப்பாத்துச்சு. அப்பவும் ஆறு மணி நேரத் தரவு போச்சு. பொட்டி தட்டுறதே தொழிலா இருக்கிறவங்க கதியே இது!

அதனால அடுத்த வன்தட்டு வாங்குறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ் கோப்பை வேற இடத்துல ஒரு நகல் எடுங்க. சாவி, பாஸ்வேர்டு, பூல் பேர், எந்தப் பதிப்பு, நாலும் காகிதத்துல எழுதி ரேஷன் கார்டோட வைங்க. வீட்டுல இன்னொருத்தருக்கு அந்த இடத்தைக் காட்டுங்க. செலவு ஒரு பேனா மைதான்.

டிஸ்கி: "எல்லாம் கிளவுட்ல இருக்கு"ன்னு பின்னூட்டம் போடப் போறவங்க, அந்த பாஸ்வேர்டு வீட்டுல யாருக்குத் தெரியும்னும் சேர்த்துச் சொல்லிடுங்க :-)