சதுர அடிக்குள்ள ஒளிச்சு வைச்ச மணித்தியாலம்

கொழும்பில் கடலைப் பார்த்தபடி நிற்கிற கண்ணாடிக் கட்டடங்களை ஒருக்கா அண்ணாந்து பாருங்கோ. கடற்காற்றில் வருகிற உப்பு கண்ணாடியில் படியாமல் விடாது. துடைத்துக் கொஞ்ச நாளிலேயே திரும்பவும் மங்கத் தொடங்கும். அதைத் துடைக்கக் கயிற்றில் தொங்குகிற பெடியனை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம், போனில் படமும் எடுத்திருக்கிறோம். அவருக்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று மட்டும் நாங்கள் கேட்டதில்லை.

லண்டனில் இருக்கிற மச்சானுக்கு வேலை கிடைத்தால் வீட்டில் வருகிற முதல் கேள்வி என்ன? 'மணித்தியாலத்துக்கு எவ்வளவு தாறான்?' அங்கே சட்டமே மணித்தியாலத்தில்தான் பேசுகிறது. 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆகக்குறைந்தது 12.21 பவுண்ஸ் ஆக்கப்பட்டது. அதே கேள்வியை இங்கே கண்ணாடி துடைக்கிறவரிடம் கேட்டால், அவர் யோசித்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும். கட்டடக்காரருக்குப் போகிற கொட்டேசனில் இருப்பது சதுர அடி. தொழிலாளியின் கைக்கு வருவது நாட்சம்பளம். இரண்டுக்கும் நடுவில் மணித்தியாலம் தொலைந்து போகிறது. அது தானாகத் தொலையவில்லை, தொலைக்கப்படுகிறது என்கிறோம் நாங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரியில் இருந்து மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் 150 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய பங்கு 8 வீதம் கழிந்தால் கையில் 138. அவர் துடைக்கிற கண்ணாடிக்கு உள்பக்கம் விற்கிற கப்புச்சீனோவில் பாதிகூட அந்தக் காசுக்கு வராது. இதைவிடக் கூடக் குடுக்கிற கொம்பனிகளும் இருக்கலாம். நாங்கள் சட்டத்தின் அடிமட்டத்தை மட்டும் எடுக்கிறோம். அந்த அடிமட்டம் தரையில் நிற்கிறவருக்கும் இருபதாம் மாடியில் தொங்குகிறவருக்கும் ஒன்றுதான்.

இனி வேலையைப் பாருங்கோ. எட்டு மணித்தியாலமும் கண்ணாடியில் கை படாது. காலமை மொட்டைமாடிக்கு ஏறிக் கயிறு கட்ட வேண்டும். வேலைக் கயிறு ஒன்று, அது அறுந்தால் பிடிக்க இன்னொன்று. இரண்டையும் ஒவ்வொரு முறையும் பார்த்துச் சரிபிடிக்க வேண்டும். வெயில் படுகிற பக்கத்தில் சவர்க்காரத் தண்ணி துடைக்கமுதல் காய்ந்து கோடு விழும். அதனால் நிழல் வரும் மட்டும் காத்திருக்க வேண்டும். காற்று அடித்தால் இறங்க வேண்டும், மழை வந்தால் நிற்க வேண்டும்.

ஆக, ஒரு நாளில் கண்ணாடியில் ஐந்து மணித்தியாலம் கிடைக்குது என்று வைப்போம். 1,200ஐ ஐந்தால் பிரித்தால் 240. முதலாளி கட்ட வேண்டிய சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்த்தால் 276. கயிற்றில் ஒருவர் தொங்கினால் மேலே ஒருவர் கயிற்றைப் பார்க்க வேண்டும், கீழே ஒருவர் ஆட்களை மறிக்க வேண்டும். மூன்று பேருக்கு 828 ரூபா. அதாவது, சட்டத்துக்குப் பயந்து ஆகக்குறைந்த கூலி குடுக்கிற முதலாளிக்குக்கூட ஒரு மணித்தியாலத் துடைப்புக்கு ஆட்கூலி மட்டும் 828 போகும். கயிறு, பட்டி, காப்புறுதி, லீவு, போக்குவரத்து, லாபம் எதுவும் இதில் இல்லை.

இதைவிடக் குறைந்த காசுக்கு ஒரு கொட்டேசன் வந்தால், மிச்சக் காசு எங்கேயிருந்து வருகிறது? மேலே நிற்க வேண்டிய ஆள் வெட்டப்பட்டிருப்பார். அல்லது மாற்ற வேண்டிய கயிறு இன்னும் ஒரு வருசம் ஓடும். அல்லது சேமலாப நிதி கட்டுப்படாது. மூன்று கொட்டேசன் எடுத்து ஆகக்குறைந்ததில் கையெழுத்து வைக்கிற அதிகாரிக்கு இது தெரியாது என்று நாங்கள் நம்பத் தயாரில்லை.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு புதிது இல்லை. தோட்டத்தில் நாட்சம்பளம் என்று பேர், ஆனால் கேட்ட கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர். 1,000 ரூபாவுக்காக 2015 இலிருந்து கேட்டு, 2021 இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அங்கே கிலோ செய்த வேலையைக் கொழும்பில் சதுர அடி செய்கிறது. தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குத் துப்புரவு வேலைக்கு வந்த பெடியளுக்கு அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

'படிப்பில்லாத வேலைதானே' என்பார்கள். இரண்டு கயிற்றில் உயிரை வைத்துக்கொண்டு கோடு விழாமல் துடைப்பது படிப்பில்லாத வேலை என்றால், படித்தவர் ஒருநாள் ஏறிப் பார்க்கட்டும். 'கூலியைக் கூட்டினால் வேலை இல்லாமல் போகும்' என்பார்கள். கண்ணாடி மங்கிய கட்டடத்துக்கு வாடகைக்கு ஆள் வருமா? கண்ணாடியால் கட்டடம் கட்டுவது என்று முடிவெடுத்த அன்றைக்கே அதைத் துடைக்கிற செலவையும் ஏற்றுக்கொண்டாச்சு. அந்தச் செலவைத் தொழிலாளியின் முதுகில் ஏற்றத்தான் இவ்வளவு வியாக்கியானமும்.

இதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. எங்களில் சிலர் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கோட் எழுதுகிறவர்கள். ஒருவர் துப்புரவுக் கொம்பனி ஒன்றில் கொட்டேசன் அடித்தவர். 'போன முறையை விட ரெண்டு ரூபா குறைச்சுப் போடுங்கோ' என்ற வசனத்தை அவர் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார், குறைத்தும் போட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் வங்கிகளுக்கும் புடவைக் கடைகளுக்கும் ஏணி வைத்துத் துடைக்கிற சின்னக் குழு தொடங்குகிற தம்பிமாரும், முதல் ஓடரைப் பிடிக்க மற்றவனை விடக் குறைத்துத்தான் சொல்கிறார்கள். தம்பிமாரே, அந்தக் குறைப்பு உங்கட முதுகில்தான் விழும். உங்கட மணித்தியாலத்தின் அடிவிலையை முதலில் ஒரு கடதாசியில் எழுதி வையுங்கோ. அதற்குக் கீழே ஒருவரும் போவதில்லை என்று பக்கத்துக் குழுவோடும் கதையுங்கோ.

நாங்கள் கேட்பது மூன்று. கொட்டேசனில் சதுர அடிக்குப் பக்கத்தில் எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், ஒருவருக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். கயிறு கட்டுகிற நேரமும் காற்றுக்கும் மழைக்கும் காத்திருக்கிற நேரமும் கூலி நேரம். உயரத்துக்குத் தனிக் கூலி சட்டத்திலேயே வர வேண்டும்.

அதுவரைக்கும், அடுத்த முறை உங்கட ஒபிஸ் யன்னலுக்கு வெளியே ஒருவர் தொங்கினால் போனை எடுக்காதேங்கோ. அவர் இறங்கினதும் போய்க் கேளுங்கோ: 'அண்ணா, மணித்தியாலத்துக்கு எவ்வளவு?' பிறகு மேலே போய், அந்தக் கொட்டேசனில் கையெழுத்து வைத்தவரிடமும் அதையே கேளுங்கோ.