நோய் கட்டடத்திற்கா?

‘பில்டிங் அண்டர் குவாரன்டைன்’ என்பது இயல்பான ஆங்கிலமே, மறுக்கவில்லை. ஆனால் நோயுறுவது கட்டடமா, மனிதர்களா? கோவிட் பரவலின்போது, 2020 ஜூலை 4 அன்று, மெல்பர்ன் நகரின் ஒன்பது அரசுக் குடியிருப்புக் கோபுரங்கள் முன்னறிவிப்பின்றி அடைக்கப்பட்டன. உள்ளே ஏறத்தாழ 3000 பேர், வெளியே காவலர்கள். அதற்கு வழங்கிய பெயர் ‘ஹார்ட் லாக்டவுன்’. கைதிகளை அறைக்குள் பூட்டுவதைக் குறித்த அமெரிக்கச் சிறைச்சொல் அது. மருத்துவச் சொல் மறைத்ததைச் சிறைச்சொல் தன்னையறியாமல் சொல்லிவிட்டது. அந்த உடனடி அடைப்பு மனித உரிமைச் சட்டத்திற்கு முரணானது என்று விக்டோரியா மாநில ஆம்பட்ஸ்மன் அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தார். கட்டடத்தை எழுவாயாக்கும் வாக்கியத்தில் குடியிருப்போருக்கு இடமில்லை. எனவே நாம் ‘வெளியேறத் தடைவிதிக்கப்பட்ட குடியிருப்போர்’ என்றே எழுதுவோம்; ஆங்கிலத்திலும் அப்படியே. மொழியின் இயல்பு அதனால் கெட்டுவிடாது.