மானியமும் சந்தாவும்

அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி உதவி ஸ்தாபனம் 2025ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதியோடு தன் கதவுகளை மூடிற்று. அவ்வாண்டு ஜனவரி 20ஆந் திகதி புதிய ஜனாதிபதி ஒப்பமிட்ட ஒரு கட்டளையால், உலகின் பல நாடுகளுக்கு வாக்களிக்கப்பட்டிருந்த மானியங்கள் நடுவழியில் நின்றுபோயின. உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த சூடானில், ஊர் இளைஞர்கள் தெருத்தெருவாக நடத்திவந்த பொதுச் சமையற்கூடங்களில் மிகப் பல சில வாரங்களுக்குள் அடுப்பணைந்தன. வாஷிங்டனில் பேனா அசைந்தது. கார்ட்டூமில் உலை கவிழ்ந்தது. கண்டிச் சீமையில் வாழும் நமக்கு இச்செய்தியில் என்ன இருக்கிறதென்று கேட்பார் உளராயின், அவர் நம் சொந்தச் சரித்திரத்தை மறந்தவரென்றே கூறவேண்டும். போர்க்காலத்தில் பிறர் பணத்தை நம்பி நின்ற பொதுமக்கள் ஸ்தாபனங்களை நாமும் கண்டிருக்கிறோம். அவை செய்த நன்மையையும், அவை பட்ட பாட்டையும், பணம் நின்றபின் அவற்றில் பல அடைந்த கதியையும் கண்டிருக்கிறோம்.

1983 ஜூலை முதல் 2009 மே வரை இத்தீவை வாட்டிய போரின் முனை கண்டியில் இருக்கவில்லை. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் கம்பளையிலும் எறிகணை விழவில்லை. ஆயினும் போர் இங்கும் நடந்தது. அது நடந்த இடம் சோதனைச் சாவடி. தோட்டத்து லயத்திலிருந்து கண்டிப் பட்டணத்துக்குக் கடைவேலைக்கு வந்த வாலிபனிடம் தேசிய அடையாள அட்டையைக் கேட்டார்கள். அட்டை இல்லை. அட்டை இல்லாததற்குக் காரணம் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லை. அது இல்லாத குடும்பங்களிற் பெரும்பாலானவை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவையாக்கப்பட்டவை. எந்தக் காகிதமும் தமக்கு உதவாதென்று அரை நூற்றாண்டாகப் பழகிப்போனவை. பதிவு இருந்த இடத்திலும், தந்தையின் பெயர் ஒரு புத்தகத்தில் ஒருவிதமாகவும் மறு புத்தகத்தில் வேறுவிதமாகவும் கிடந்தது. அமைதிக்காலத்தில் இவை வெறும் எழுத்துப் பிழைகள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆண்ட காலத்திலோ, இதே எழுத்துப் பிழை ஒருவனை மாதக்கணக்கில் சிறையில் வைக்கப் போதுமானதாயிருந்தது. 1998 ஜனவரி 25ஆந் திகதி தலதா மாளிகை வாயிலில் குண்டு வெடித்தபின் கண்டித் தமிழர் மீது விழுந்த சந்தேகப் பார்வையை அன்று இந்நகரில் வாழ்ந்தவர் மறந்திருக்கமாட்டார்.

அந்த வாலிபனுக்காகப் பேச யார் இருந்தார்கள்? தொழிற்சங்கங்கள் இருந்தன. அவை சம்பளத்துக்கும் வேலைநாளுக்கும் போராடின. பொலிஸ் நிலையத்துக்கும் சென்றதுண்டு. ஆனால் ஒரு பிறப்புப் பதிவைத் தேடியெடுத்து, தோட்டத் துரையின் அத்தாட்சியைப் பெற்று, கிராம சேவகரிடம் ஒப்பம் வாங்கி, கச்சேரிக்கும் கொழும்புக்கும் நடையாய் நடப்பது வேறு வேலை. தொழிலாளி தானே அலைந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகும். இவ்வேலையைச் செய்தவை பெரும்பாலும் கண்டியைத் தளமாகக் கொண்ட சிறு ஸ்தாபனங்களே. யேசுசபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் இந்நகரில் ஆரம்பித்த சத்யோதய நிலையம் அவற்றுள் மூத்தது. சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் இருந்து பணிசெய்வதென்பது அதன் விரதம். தோட்டங்களைப் பட்டினி சூழ்ந்த 1974இல், தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் ஒன்றும் தோன்றிற்று. பின்னர் வந்த சமூக அபிவிருத்தி நிறுவகம் போன்றவை பிரஜாவுரிமை, மொழியுரிமை, வீட்டுரிமை ஆகியவற்றைத் தம் வேலையாக ஏற்றன. கம்பளைக்கருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தின் பழைய லயத்தில் 2007இல் அந்நிறுவகம் அமைத்த தொழிலாளர் அரும்பொருட்சாலை, போர் நடந்துகொண்டிருந்த காலத்தின் கனி.

இவ்வேலைகளுக்கு வெளிநாட்டு மானியம் பெருந்துணையாயிருந்ததை ஒளிக்கவேண்டியதில்லை. எழுதுவினைஞர் ஒருவரின் சம்பளம், தட்டெழுத்துப் பொறி, பஸ் கட்டணம், வழக்கறிஞர் செலவு ஆகிய இவற்றுக்குக் காசு வேண்டும். லயத்துக் குடும்பத்திடம் அது இல்லை; இருந்த நம்மவர் பலர் கொடுக்கவில்லை. நோர்வேயிலோ ஜெர்மனியிலோ ஒருவர் கொடுத்த பணத்தால் தெல்தோட்டைத் தாயொருத்தி தன் மகனைச் சிறைவாயிலில் பெற்றுக்கொண்டாளாயின், அப்பணத்தைத் தீண்டத்தகாததென்று சொல்ல நமக்கு நாவெழவில்லை.

மானியமும் ஊர்மக்களின் உழைப்பும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்குமென்பதற்கு 2003ஆம் ஆண்டே சாட்சி. 2002 பெப்ரவரியில் ஏற்பட்ட போர்நிறுத்தத்தின் நிழலில், எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003 அக்டோபரில் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறிற்று. அப்போது நாடற்றோர் தொகை 168,141 எனக் கணக்கிடப்பட்டது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் லயத்துக்கு அதை யார் கொண்டுசெல்வது? ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் பணமும் பொறுப்பும் ஏற்க, தொழிற்சங்கத்தாரும் தொண்டர்களும் நடமாடும் நிலையங்கள் அமைத்து, அவ்வாண்டின் இறுதியில் பத்து நாட்களுக்குள் சுமார் 190,000 பேரின் விண்ணப்பங்களை முடித்துவைத்தனர். 55 ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தைகளும் ஒப்பந்தங்களும் தீர்க்காமல் விட்ட மிச்சத்தைப் பத்து நாள் தீர்த்தது. உதவிப் பணம் மாத்திரம் வந்திருந்தால் அதனால் ஒரு விளம்பரத் தாளே அச்சாகியிருக்கும். ஒவ்வொரு லயத்தின் காம்பராவையும் அறிந்த தொண்டர் இருந்தபடியால் காரியம் நடந்தது.

இத்தகைய வேலையை நம் அரசாங்கங்கள் பார்த்த பார்வை எத்தகையது? அரசசார்பற்ற நிறுவனங்களைப் பதிவுசெய்து மேற்பார்வையிட 1980இல் 31ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1990ஆம் ஆண்டின் இறுதியில் ஜனாதிபதி பிரேமதாச ஆணைக்குழு ஒன்றை நியமித்தார். நாடு போற்றிய சர்வோதயமும் அதன் விசாரணைக்குத் தப்பவில்லை. மோசடிக் குற்றச்சாட்டெழுந்தால் நிர்வாகத்தையே எடுத்து இடைக்காலச் சபையிடம் ஒப்படைக்கும் அதிகாரம் 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மந்திரிக்குக் கிடைத்தது. பெற்ற மானியத்தில் 3 சதவீதத்தை இலாபமெனப் பாவித்து வரி விதிக்கும் விந்தையும் பின்னர் நிகழ்ந்தது. போர் முடிந்தபின் பிடி தளர்ந்ததா? 2010இல் அரசசார்பற்ற நிறுவனங்களின் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுசெல்லப்பட்டது. 2014 ஜூலை முதலாந் திகதிச் சுற்றறிக்கையோ, இந்நிறுவனங்கள் பத்திரிகையாளர் மகாநாடு கூட்டலாகாது, பத்திரிகையாளருக்குப் பயிற்சியளிக்கலாகாது, பத்திரிகை அறிக்கையும் விடலாகாது என்று பணித்தது. பிறப்பத்தாட்சிப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் எழுதுவினைஞரைப் பாதுகாப்பு அமைச்சு மேற்பார்வையிடவேண்டிய அவசியம் என்னவென்பது நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

அந்நியப் பணம் என்பதுதான் குற்றச்சாட்டு. 2003 ஜூனில் டோக்கியோ மகாநாட்டில் 450 கோடி அமெரிக்க டொலர் உதவி வாக்களிக்கப்பட்டபோது அப்பணத்தை அந்நியமென்று எந்த மந்திரியும் திருப்பியனுப்பவில்லை. அரசாங்கம் பெற்றால் அபிவிருத்தி. சங்கம் பெற்றால் சதி. இவ்வாதத்தின் கொடிய முடிவைக் காந்தீயம் இயக்கம் அனுபவித்தது. 1977ஆம் ஆண்டின் வன்செயலில் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளரை வவுனியாப் பகுதியில் குடியமர்த்தி, நிலத்தைத் திருத்தி, பிள்ளைகளுக்குப் பாலும் பாடமும் கொடுத்தது அது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் அதை நடத்தினர். வெளிநாட்டுத் தரும ஸ்தாபனங்கள் பணம் உதவின. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். ஜூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். ஏர் பிடித்த கையையும் துவக்குப் பிடித்த கையையும் வேறுபிரித்தறிய அன்றைய அரசாங்கம் மறுத்தது.

பழி ஒரு பக்கத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஆயுதமேந்திய நம்மவர்களும் தம் அனுமதியின்றிப் பேசும் ஸ்தாபனத்தைச் சகிக்கவில்லை. இரு தரப்பின் கொடுமைகளையும் ஒருங்கே எழுதிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைச் சேர்ந்த ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ்ப் பத்திரிகைகள் பல இதைப் பேச நெடுங்காலம் தயங்கின. அத்தயக்கமும் நம் பொதுவாழ்வைப் பலவீனப்படுத்திற்று.

இனிக் கொடையாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்நிறுத்த காலத்தில் கண்டியில் எத்தனை பெயர்ப்பலகைகள் முளைத்தன! குளக்கரை ஹோட்டல்களில் எத்தனை கருத்தரங்குகள்! மதிய போசனத்தின் சுவையைச் சிலர் இன்றும் சொல்வார்கள். கருத்தின் சுவை நினைவிலில்லை. மானியம் ஓராண்டுக்கு, அல்லது 18 மாதத்துக்கு. அதற்குள் சமாதானம் வந்துவிட்டதாக அறிக்கை எழுதவேண்டும். அதையும் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அட்டை வேண்டியவள் தமிழில் முறையிட்டாள். அவள் முறைப்பாட்டை ஆங்கிலக் கட்டங்களுக்குள் அடைக்கத் தெரிந்தவருக்கே சம்பளம் கிடைத்தது. கட்டட வாடகைக்கும் நிரந்தர ஊழியருக்கும் பணம் தரமாட்டோம், 'திட்டத்துக்கு' மாத்திரமே தருவோம் என்பது அவர்கள் நியதி. போர் மீண்டும் மூண்டு சமாதானம் என்ற சொல் நாகரிகமிழந்தபோது கொடையாளர் வேறு சொல்லுக்குத் தாவினர். பெயர்ப்பலகைகளிற் பல கழன்றன. சுற்றிவளைப்புகளோ அப்போதுதான் அதிகரித்தன. வேண்டாத நேரத்தில் வெள்ளமாகவும் வேண்டிய நேரத்தில் வறட்சியாகவும் வரும் நீரைக்கொண்டு எந்த விவசாயி பயிர்செய்வான்?

ஆனால் குளம் கட்டாதவன் மழையைக் குறைகூறுவதிலும் ஓர் எல்லையுண்டு. நம் முன்னோரின் கதை வேறாயிருந்தது. 1927 நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்து கண்டியிலும் மலைநாட்டிலும் பயணஞ்செய்தபோது, தோட்டத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். 1931இல் கோ. நடேச ஐயர் அட்டனைத் தலைமையிடமாகக்கொண்டு இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, துரைமாரின் பகைக்கஞ்சாமல் அதில் சேர்ந்தவர்கள் லயத்து மக்களே. இன்றும் மரண உதவிச் சங்கம் இல்லாத தோட்டத்தைக் காண்பதரிது. மாதாமாதம் ஒரு சிறு தொகை, ஒரு கொப்பி, ஊரறிந்த பொருளாளர். எந்தத் தூதராலயமும் அதற்கு மானியம் கொடுக்கவில்லை. எந்தத் தூதராலயமும் அதை நிறுத்தவும் முடியாது. சாவுக்குச் சந்தா கட்டத் தெரிந்த சமூகம் உயிரோடிருப்பவனின் உரிமைக்கும் சந்தா கட்டலாமே!

தொழிலாளியின் தலையில் இன்னுமொரு சுமையை ஏற்றச் சொல்கிறோம் என்று யாரும் கருதவேண்டாம். சங்கச் சந்தா அவன் சம்பளத்திலேயே கழிக்கப்படுகிறது. நாம் சுட்டுவது கண்டி நகரத்துச் சட்டத்தரணிகளை, வைத்தியர்களை, கணக்காளர்களை, பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களை, வியாபாரிகளை. பெற்றோர் லயத்தில் பிறந்து, தாம் படித்து முன்னுக்கு வந்தவர்கள் இவர்களுள் அநேகர். கோயில் திருவிழா உபயத்துக்கு இவர்கள் கொடுப்பதில் பத்திலொன்றை ஆண்டுச் சந்தாவாகக் கொடுத்தால், ஒரு ஸ்தாபனத்தின் வாடகையும் ஓர் எழுதுவினைஞரின் வேதனமும் தேறும். மிளகும் மரக்கறியும் பயிரிடும் நம் விவசாயிகளுக்கும் இதில் சொந்த நலன் உண்டு. காணிப் பத்திரமில்லாத நிலத்தில் உழுகிறவனுக்கு, அந்தப் பத்திரத்துக்காக அலைய ஓர் அலுவலகம் வேண்டாமா? வாடகையும் வேதனமும் சந்தாவிலிருந்து வரும் ஸ்தாபனம், தகாத நிபந்தனையோடு வரும் மானியத்தை வேண்டாமென்று சொல்லவும் முடியும். உறுப்பினர் ஐந்நூறு பேரின் பெயர்ப் புத்தகம் கையிலிருந்தால், அந்நியரின் கைக்கூலி என்று வசைபாடும் மந்திரிக்கு அதைக் காட்டவும் முடியும்.

அரசாங்கத்திடம் நாம் கோருவது அதிகமன்று. இந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டவரைவுகள் 2018இலும் 2024இலும் வெளிவந்து ஆட்சேபங்களைச் சந்தித்தன. எவ்வடிவில் சட்டம் வந்தாலும், பதிவு சிவில் நிர்வாகத்தின் வசமே இருக்கவேண்டும். பதிவை மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு வேண்டும். கணக்குக் கேட்கும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு, வாயை அடைக்கும் உரிமை இல்லை. கொடையாளர் ஐந்தாண்டுக்குக் குறையாத உதவியாகத் தரட்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அறிக்கையை ஏற்கட்டும். தரும் தொகையில் ஒரு பங்கு சேமநிதியாக நிற்க இடமளிக்கட்டும்.

ஸ்தாபனங்களை நடத்துவோருக்குச் சொல்வது ஒன்று. வரவுசெலவுக் கணக்கை ஆண்டுதோறும் தமிழில் எழுதி, பிரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டுங்கள். மானியம் வந்துகொண்டிருக்கும்போதே சந்தாப் புத்தகத்தையும் அச்சிட்டுவிடுங்கள். அச்சுக்கூலியை அந்த மானியத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதை மறுக்கும் கொடையாளர் இருந்தால் அவர் யாரென்று நமக்கும் எழுதி அறிவியுங்கள்.