இலைநுனி கருகுவதேன்?

நம் பக்கத்தில் வீட்டு முன்றிலிலும் விடுதித் தாழ்வாரத்திலும் தொட்டிச் செடி வளர்க்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. குரோட்டன், டிராசீனா, மணிப்பிளாண்டு, பெரணி முதலியன இல்லாத இல்லம் அரிது. ஆயின் வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அவற்றை வளர்ப்போர் பலர் கூறும் குறை ஒன்றே. இலையின் நுனி தவிட்டு நிறமாகிக் காய்கிறது; பின்னர் அக்காய்வு ஓரத்தின் வழியே உள்நோக்கிப் பரவுகிறது. நீர் போதவில்லை போலும் என்று ஒரு செம்பு மிகுதியாக ஊற்றுவர். எரு போதவில்லை என்று ஒரு பிடி உரமும் இடுவர். செடியோ முன்னிலும் விரைந்து கருகும்.

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என ஓர் இலையின் வாழ்நாள் முழுமைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. முதிர்ந்த இலை பழுத்து உதிர்வது இயற்கை. அதற்கு மருந்து வேண்டா. இலையின் மற்றைப் பகுதி பசுமையாயிருக்க நுனி மட்டும் கருகுதல் பழுத்தலன்று, தீய்தலாகும். மூப்பிற்கும் தீங்கிற்கும் உள்ள இவ்வேற்றுமையைக் கண்டு கொண்டாலே பாதி மருத்துவம் முடிந்தது.

தீய்தலின் காரணம் பெரும்பாலும் உப்பு. வேர் உறிஞ்சும் நீர் தண்டின் வழியே ஏறி இலையை அடைந்து, ஆங்குள்ள நுண்டுளைகளின் வாயிலாக ஆவியாகிறது. நீர் போய்விடும், அதனுடன் வந்த உப்புப் போகாது. நீரோட்டம் முடியும் இடம் நுனியும் ஓரமுமாதலின் உப்பு அங்கே திரண்டு, அவ்விடத்து உயிரணுக்களைக் கொல்கிறது. மண்ணில் உப்பு மிகுந்தால் வேரும் நீரை எளிதில் இழுக்க மாட்டாது. ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தால் வாடும். இந்நிலையில் உரமிடுவது உப்பின்மேல் உப்பிடுவதேயாம்.

வேறு காரணங்களும் உள. சித்திரை வைகாசியில் நம் ஊரில் வீசும் அனற்காற்று மெல்லிய இலைகளை ஒரே நாளிற் காய்ச்சிவிடும். தொட்டியின் அடித்துளை அடைபட்டு நீர் தேங்கினால் வேர் அழுகும். அப்போது இலை நுனியோடு நில்லாமல் முழுவதும் தளர்ந்து மஞ்சளாகும். டிராசீனாவும் சிலந்திச் செடியும் நீரிலுள்ள புளோரைடு சிறிதாயினும் பொறா. ஆனால் தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெண்மையாகப் பொருக்குப் படிந்திருப்பின், ஐயம் வேண்டா, உப்பே பகை.

மருந்து எளிது. மேல்மண்ணை அரை அங்குலம் சுரண்டி எறிந்துவிட்டு, தொட்டியை நீர் வடியும் இடத்தில் வைத்து, அத்தொட்டி கொள்ளுமளவைப்போல் இருமடங்கு மும்மடங்கு மழைநீரை மெல்ல மெல்ல ஊற்றுக. உப்புக் கரைந்து அடித்துளை வழியே ஓடிவிடும். கீழ்த்தட்டில் தேங்கிய நீரை உடனே கொட்டிவிடல் வேண்டும்; இல்லையேல் கழுவிய உப்பையே செடி மீண்டும் பருகும். புதுத் தளிர் வரும்வரை உரமே ஆகாது. கருகிய நுனி மீண்டும் பசுமையாகாது. அதனைக் கத்தரிப்போர் பச்சைப் பகுதியை வெட்டாது சிறிது காய்ந்த ஓரத்தை விட்டுக் கத்தரிப்பாராக. நீரைக் காய்ச்சி ஆற்றி ஊற்றுவதால் பயனில்லை. காய்ச்சுந்தோறும் நீர் குறையுமேயன்றி உப்புக் குறையாது.

ஈண்டு ஒரு நல்லெண்ணத் தவற்றையும் சுட்ட வேண்டும். குடிநீரைச் சுத்திகரிக்கும் ‘ஆர்.ஓ.’ பொறி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அது கழித்துவிடும் நீரை வீணாக்கலாகாது என்று அன்புடைய தாய்மார் செடிக்கு ஊற்றுகின்றனர். சிக்கனம் பாராட்டத்தக்கதே. ஆயினும் இரண்டு குடம் நீரில் ஒரு குடம் நல்ல நீராகப் பிரிந்தால், எஞ்சிய குடத்தில் இரண்டு குடத்து உப்பும் அடங்கியிருக்கிறதன்றோ? அது தரை கழுவ உதவும், செடிக்கு நஞ்சு.

இனி, நம் கிணற்றில் இவ்வளவு உப்பு ஏன் என்று வினவாமல் இருத்தல் இயலாது. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு உப்பிட்டு வைப்பர். பதனிடுஞ் சாலையில் முதல் வேலை அத்தோலை ஊறவைத்து உப்பை நீக்குவது. அந்நீர் பல ஆண்டுகள் பாலாற்று மணலிலும் அயல் நிலங்களிலும் விடப்பட்டது. இதனை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ம் நாள் வந்த தீர்ப்பில், ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறதென்றும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் சிறிதளவோ முற்றிலுமோ பயிருக்கு உதவாததாயிற்றென்றும் கூறப்பட்டுள்ளன. கெடுத்தவனே ஈடு செய்தல் வேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று நிலைபெற்றது அத்தீர்ப்பினாலேயே. 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ம் நாளும் அதே நீதிமன்றம் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு அளிக்குமாறு மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையே சென்றவை இருபத்தெட்டு ஆண்டுகள்.

தோல் தொழிலைப் பழிப்பது என் நோக்கமன்று. நம்முள் எத்தனையோ பேர் கல்விக்கட்டணம் அதிலிருந்தே வருகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் எழுந்துள்ளன. எனினும் கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பிற்கு அடங்குவதன்று. நீரைச் சவ்வின் வழிச் செலுத்தியும் ஆவியாக்கியுமே பிரித்தல் கூடும். ஆகவே தோலை நீரிலிடுமுன் நன்றாக உதறி உலர்ந்த உப்பாகவே எடுத்துவிடுதல் எல்லாவற்றினும் மேலான வழி என்பேன். தொட்டியை ஒரு மாலைப்பொழுதில் கழுவிவிடலாம். கழனிக்கு அடித்துளை ஏது? மேலே கழுவிய உப்பு கீழே கிணற்றுக்கே போய்ச் சேர்கிறது.

நம் கல்லூரி செய்யக்கூடியன இரண்டு உள. முதலாவது, விடுதிக் கூரைநீர் உறைகுழிக்குச் செல்லும் வழியில் சில பீப்பாய்களை வைத்தல். பத்துச் சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் நீர் கிடைக்கும். தாழ்வாரத்துச் செடிகளுக்குப் பல வாரம் போதும். இரண்டாவது, வேதியியல் மாணாக்கர் கல்லூரிக் கிணற்று நீரின் உப்பை மாதந்தோறும் அளந்து வருதல். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கரைபொருள் இராதிருத்தல் நன்று. வேறு நீர் இல்லாவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவை. நம் கிணறு எவ்விடத்து நிற்கிறது? பன்னிரண்டு மாதத்து எண்களையும் அடுத்த ஆண்டு மலரில், இதே தமிழ்ப் பகுதியில், ஓர் அட்டவணையாக வெளியிட ஆசிரியர் குழு இடந்தர வேண்டுகிறேன்.